எதைச் சேர்ப்பது, எதை விடுவது? புள்ளியியல் ஆய்வில் உடன்மாறிகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புள்ளியியல் துறையைச் சேராதவர்களும் இந்த அரங்கில் நிறைய இருக்கிறீர்கள். மருத்துவம், வேளாண்மை, கல்வியியல், சமூகப்பணி என்று பல துறைகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். அதனால் சூத்திரங்களுக்குள் போகாமல் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிறோம். மருந்து கொடுத்தோமா இல்லையா என்பது ஒரு பக்கம், நோய் குணமானதா என்பது மறுபக்கம். இவை தவிர நோயாளியின் வயது, பால், எடை, வருமானம், புகைப்பழக்கம், அவர் எந்த ஊர் என்பதெல்லாம் நம் தரவில் இருக்கின்றன. இவற்றை உடன்மாறிகள் என்கிறோம். ஆய்வுக்கூடத்துப் பேச்சில் கோவேரியேட். கணக்குப் போடும்போது இவற்றில் எவற்றை உள்ளே சேர்ப்பது, எவற்றை விட்டுவிடுவது?

வாய்மொழித் தேர்வுகளில் இதைக் கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் வருகின்றன. "முந்தைய ஆய்வுகளில் சேர்த்திருந்தார்கள் ஐயா" என்பது ஒன்று. "அதைச் சேர்த்தபோது பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தது அம்மா" என்பது மற்றொன்று. (உண்மையில் விளைவே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பே பி-மதிப்பு.) இரண்டும் போதாத பதில்கள். இரண்டாவது பதில் ஆபத்தானதும்கூட. ஒரு உடன்மாறியைச் சேர்க்க வேண்டுமா என்பதைத் தரவு தானாகச் சொல்லாது. நாம் கேட்கும் கேள்வியும், எது எதற்குக் காரணம் என்று நமக்குத் தெரிந்திருப்பதும்தான் சொல்லும். அந்த முடிவை விளைவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான். அதற்கான காரணங்களை மெய்யான ஆய்வுகளைக் கொண்டே காட்டுகிறேன்.

இந்த முடிவு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சான்று. இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் நாடுகளின் முதல்நிலைக் கால்பந்து லீக்குகளில் 2012–13 பருவத்தில் ஆடிய 2,053 வீரர்களையும், அவர்கள் ஆட்டங்களை நடத்திய 3,147 நடுவர்களையும் பற்றிய தரவு ஒன்று இருக்கிறது. தோல் நிறம் கருமையான வீரர்களுக்கு நடுவர்கள் கூடுதலாகச் சிவப்பு அட்டை காட்டுகிறார்களா என்பது கேள்வி. இந்த ஒரே தரவையும் ஒரே கேள்வியையும் 29 குழுக்களிடம் கொடுத்தார்கள்; மொத்தம் 61 ஆய்வாளர்கள். முடிவுகள் 2018-இல் வெளியாயின. 20 குழுக்கள் 'ஆம், தொடர்பு இருக்கிறது' என்றன. 9 குழுக்கள் 'அப்படிச் சொல்லப் போதிய சான்று இல்லை' என்றன. ஆட்ஸ் விகிதம் (1 என்றால் வேறுபாடு இல்லை, 1-க்கு மேல் என்றால் கருமையான வீரர்களுக்கே கூடுதல் அட்டை) ஒரு குழுவுக்கு 0.89 என்று வந்தது, இன்னொரு குழுவுக்கு 2.93. இவர்களில் யாரும் கற்றுக்குட்டிகள் அல்லர், தரவைத் திரித்தவர்களும் அல்லர். கணித மாதிரிகளில் வேறுபாடு இருந்தது உண்மை. அத்தோடு, 29 குழுக்களும் சேர்த்த உடன்மாறித் தொகுப்புகளை எண்ணினால் 21 வகை.

ஏன் இத்தனை வகை? ஆட்டக்காரர் எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதை எடுத்துக்கொள்வோம். தற்காப்பு வீரர்கள் எதிராளியைத் தடுத்து விழுத்த வேண்டிய நிலைக்கு அடிக்கடி வருகிறார்கள், ஆகவே சிவப்பு அட்டையும் கூடுதலாக வாங்கலாம். அதைக் கணக்கில் எடுப்பது நியாயம் என்று தோன்றும். ஆனால் நிறத்தைப் பார்த்தே பயிற்சியாளர்கள் ஒருவரைக் குறிப்பிட்ட இடத்தில் ஆட வைக்கிறார்கள் என்றால்? அப்போது ஆடும் இடமும் நிறத்தின் விளைவு. அதைச் சமன் செய்தால் நாம் தேடும் பாகுபாட்டின் ஒரு பகுதியை நாமே துடைத்துவிடுகிறோம். நடுவரின் முடிவை மட்டும் அறிய விரும்புகிறோமா, அந்த வீரர் தன் ஆட்ட வாழ்வில் சந்திக்கும் மொத்த வேறுபாட்டையும் அறிய விரும்புகிறோமா என்பதைத் தீர்மானிக்காமல் இதற்குப் பதில் இல்லை. மஞ்சள் அட்டைகளின் எண்ணிக்கையும் அந்தத் தரவில் இருக்கிறது. அதைச் சேர்ப்பது பெரிய பிழை என்பேன். அதே நடுவர், அதே பாகுபாட்டோடு காட்டியிருக்கக்கூடிய அட்டை அது.

பத்து உடன்மாறிகள் கையில் இருந்தால் அவற்றைச் சேர்ப்பதும் விடுவதுமாக 1,024 வழிகள் உண்டு. ஒவ்வொரு வழியும் ஒரு விடை தரும். கணினிக்கு எல்லாம் ஒன்றுதான்.

உடன்மாறியைக் கணக்கில் சேர்க்கும் முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நம்மவர்களின் உழைப்பு அங்கே நிற்கிறது. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் தம் புகழ்பெற்ற நூலான 'ஸ்டாட்டிஸ்டிகல் மெத்தட்ஸ் ஃபார் ரிசர்ச் வொர்க்கர்ஸ்' என்பதன் நான்காம் பதிப்பை 1932-இல் வெளியிட்டபோதுதான் இணைமாறுபாட்டுப் பகுப்பாய்வு என்ற பகுதி அதில் இடம்பெற்றது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு இலங்கைத் தேயிலை. இலங்கையில் தேயிலை ஆராய்ச்சி செய்துவந்த ஈடன் என்பவர், சோதனைக்கென ஒதுக்கிய 16 துண்டு நிலங்களில் அடுத்தடுத்த காலங்களில் பறித்த கொழுந்தின் அளவைக் குறித்துவைத்திருந்தார். அந்நாளில் இலங்கைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து போன குடும்பங்களின் பெண்கள். அவர்கள் கூடையில் விழுந்த எடையே அந்தத் தரவு.

நெல்லோ கோதுமையோ என்றால் ஒவ்வொரு பருவமும் புதிதாக விதைக்கிறோம். தேயிலைச் செடி ஆண்டுக்கணக்கில் அதே மண்ணில் நிற்பது. ஆகவே உரம் போடும் முன்பே எந்தத் துண்டு நிலம் நன்றாக விளையும், எது சோடையாக இருக்கும் என்பது முந்தைய விளைச்சலிலிருந்து தெரிந்துவிடும். உரச்சோதனையின் முடிவைக் கணக்கிடும்போது அந்த முந்தைய விளைச்சலை உடன்மாறியாகச் சேர்த்தால், மண்ணின் ஏற்றத்தாழ்வால் வரும் இரைச்சலைக் கழித்துவிட்டு உரத்தின் விளைவைத் துல்லியமாகப் பார்க்கலாம். இங்கே முந்தைய விளைச்சலைச் சேர்ப்பதன் நோக்கம் ஒருதலைச் சாய்வை நீக்குவது இல்லை. எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதைச் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல்போல், ஒதுக்கும்போது சாய்வுக்கு இடமில்லை. துல்லியம் ஒன்றே பயன்.

அந்தத் துல்லியம் எவ்வளவு? உடன்மாறிக்கும் விளைவுக்கும் உள்ள ஒட்டுறவுக்கெழு 0.7 என்றால், அதன் வர்க்கம் 0.49. மதிப்பீட்டின் மாறுபாட்டளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. 200 பேரைக் கொண்டு செய்த சோதனை, கிட்டத்தட்ட 390 பேரைக் கொண்டு செய்ததற்கு நிகராகிவிடுகிறது. ஒரு நோயாளியைக் கூடுதலாகச் சேர்க்கவில்லை, ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவில்லை. ஒட்டுறவு 0.3 என்றால் குறைவது 9 விழுக்காடு மட்டுமே. ஆகவே விளைவோடு வலுவாகத் தொடர்புடைய, சிகிச்சைக்கு முன்பே அளந்த ஒன்றிரண்டு மாறிகள் போதும். இரத்த அழுத்த மருந்துக்கு, தொடக்க இரத்த அழுத்தம். வாசிப்புப் பயிற்சிக்கு, பயிற்சிக்கு முந்தைய வாசிப்பு மதிப்பெண். இவற்றை விட்டுவிட்டுச் சோதனை நடத்துவது, நம்மை நம்பி ஊசி குத்திக்கொண்டவர்களின் ஒத்துழைப்பை வீணடிப்பதாகும் என்றே நான் கருதுகிறேன். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2023 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டு நெறியும், விளைவோடு தொடர்புடையவை என்று எதிர்பார்க்கும் தொடக்கநிலை மாறிகளை முன்கூட்டியே அறிவித்துச் சேர்ப்பதை ஏற்கிறது.

இங்கே நம் ஆய்வேடுகளில் திரும்பத் திரும்பக் காணும் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சமவாய்ப்புச் சோதனை நடத்திய மாணவர் முதல் அட்டவணையில் இரு குழுக்களின் வயது, எடை, பால் ஆகியவற்றை வைத்து, ஒவ்வொன்றுக்கும் பி-மதிப்பு போடுகிறார். எது 0.05-க்குக் கீழே வருகிறதோ அதை மட்டும் உடன்மாறியாகச் சேர்க்கிறார். அந்தச் சோதனையே பொருளற்றது. குழுக்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்தவர் நாம். அவற்றுக்கிடையே இருக்கும் எந்த வேறுபாடும் தற்செயலானது என்பது முன்பே தெரியும். இருபது மாறிகளைச் சோதித்தால் சராசரியாக ஒன்று 0.05-க்குக் கீழே வரும். ஸ்டீபன் சென் போன்ற புள்ளியியலாளர்கள் பல ஆண்டுகளாக இதை எழுதிவருகிறார்கள். விளைவோடு தொடர்பே இல்லாத ஒரு மாறியில் குழுக்கள் எவ்வளவு வேறுபட்டாலும் கவலை இல்லை. விளைவை வலுவாக நிர்ணயிக்கும் மாறியோ, குழுக்கள் சமமாகத் தெரிந்தாலும் உள்ளே வர வேண்டும்.

சிகிச்சை தொடங்கிய பிறகு அளந்த மாறி என்றால் விஷயம் முற்றிலும் வேறு. சென்னைக்காரர்களுக்குப் பெருமை தரும் ஒரு சோதனையைக் கொண்டு இதைச் சொல்கிறேன். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. அங்கே 193 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு வீட்டிலேயே மருந்து, மறுசாராருக்குச் சானடோரியத்தில் மருந்து என்று ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு. வீட்டிலோ நெரிசல், வறுமை. 1959-இல் வெளியான முடிவு உலகக் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டபோது வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது. இப்போது ஒருவர், "எடை ஏற்றத்தை உடன்மாறியாகச் சேர்த்து இரு குழுக்களையும் ஒப்பிட்டால் இன்னும் நியாயமாக இருக்குமே" என்று கேட்கலாம். கூடாது. எடை ஏறியது சானடோரியச் சாப்பாட்டின் விளைவு. அதைச் சமன் செய்தால், வீட்டில் அரைவயிறு உண்டும் எடை ஏறியவரையும், சானடோரியத்தில் நன்றாக உண்டும் எடை ஏறாதவரையும் அருகருகே நிறுத்துகிறோம். முன்னவர் நோயின் கடுமை குறைந்தவராக இருக்கக்கூடும், பின்னவர் கடுமை மிகுந்தவராக இருக்கக்கூடும். சமவாய்ப்பு முறையில் கஷ்டப்பட்டு உருவாக்கிய சமநிலையை நம் கையாலேயே குலைக்கிறோம். சிகிச்சைக்கு முன் அளந்த எடையைச் சேருங்கள், தடையில்லை. பின் அளந்த எடை விளைவின் பக்கத்தில் நிற்பது.

சமவாய்ப்பு ஒதுக்கீடு இல்லாத ஆய்வுகள்தாம் நம்மில் பலரும் செய்பவை. யார் புகைக்கிறார், யார் எந்த மருத்துவமனைக்குப் போகிறார் என்பதை நாம் ஒதுக்கவில்லை. அங்கே உடன்மாறியைச் சேர்ப்பது துல்லியத்துக்காக மட்டுமன்று, உண்மை தெரிவதற்காகவே. அங்கேதான் தவறான மாறியைச் சேர்த்து உண்மையை மறைத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. எட்வர்ட் சிம்ப்சன் 1951-இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்று இதை அழகாகக் காட்டுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பார்க்கில் பகைவரின் சங்கேதங்களை உடைத்தவர்களில் ஒருவர் அவர். 'சிம்ப்சன் முரண்' என்ற பெயரில் அந்தக் கட்டுரையை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதன் மையமான பாடத்தைப் பலர் தவறவிடுகிறார்கள்.

அவர் 52 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு இரண்டு கதைகள் சொல்கிறார். முதலாவது மருத்துவக் கதை. ஆண்களில் சிகிச்சை பெறாத 7 பேரில் 4 பேர் பிழைத்தார்கள், சிகிச்சை பெற்ற 13 பேரில் 8 பேர். பெண்களில் சிகிச்சை பெறாத 5 பேரில் 2 பேர், பெற்ற 27 பேரில் 12 பேர். விழுக்காட்டில் சொன்னால் ஆண்களுக்கு 57-லிருந்து 62, பெண்களுக்கு 40-லிருந்து 44. இருபாலருக்கும் சிகிச்சை உதவுகிறது. ஆனால் ஆண் பெண் என்று பிரிக்காமல் கூட்டிப் பாருங்கள். சிகிச்சை பெறாத 12 பேரில் 6, பெற்ற 40 பேரில் 20. இரண்டும் சரிபாதி, சிகிச்சையால் ஒரு பயனும் இல்லை என்று தெரிகிறது. இங்கே எதை நம்புவது? பிரித்துப் பார்த்ததைத்தான். பெண்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெற்றார்கள், பெண்களுக்குப் பிழைக்கும் வாய்ப்பும் குறைவு. பால் என்ற உடன்மாறியைச் சேர்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது கதை சீட்டுக்கட்டு. ஒரு குழந்தை 52 சீட்டுகளை வைத்து விளையாடி அழுக்காக்கிவிட்டது. அதற்குச் சிவப்புச் சீட்டுகள் பிடிக்கும், ராஜா ராணி போன்ற படச் சீட்டுகளும் பிடிக்கும். இப்போது கேள்வி: சீட்டுக்கட்டில் படச் சீட்டாக இருப்பதற்கும் சிவப்பாக இருப்பதற்கும் தொடர்பு உண்டா? எண்கள் முன்பு சொன்ன அதே எண்கள். அழுக்குச் சீட்டுகளை மட்டும் எடுத்தால் படச் சீட்டுகள் 7-இல் 4 சிவப்பு, மற்றவை 13-இல் 8. சுத்தமானவற்றில் 5-இல் 2, 27-இல் 12. அழுக்கையும் சுத்தத்தையும் பிரித்துப் பார்த்தால் தொடர்பு இருப்பதுபோல் தெரிகிறது. கூட்டிப் பார்த்தால் 12 படச் சீட்டுகளில் 6 சிவப்பு, 40 மற்றவற்றில் 20 சிவப்பு. எந்தச் சீட்டுக்கட்டும் அப்படித்தான் இருக்கும் என்று சீட்டாடும் யாருக்கும் தெரியும். இங்கே கூட்டிப் பார்த்ததே உண்மை. அழுக்கைக் கணக்கில் சேர்த்ததுதான் இல்லாத தொடர்பை உண்டாக்கியது.

அட்டவணையில் உள்ள ஒரு எண்ணும் மாறவில்லை. எந்த மென்பொருளுக்குக் கொடுத்தாலும் இரண்டு கதைகளுக்கும் ஒரே பி-மதிப்புதான் கிடைக்கும். ஆனால் ஒன்றில் மூன்றாவது மாறியைச் சேர்ப்பது சரி, மற்றதில் தவறு. வேறுபாடு காரண வரிசையில் இருக்கிறது. ஆணா பெண்ணா என்பது சிகிச்சைக்கு முந்தியது, சிகிச்சை பெறுவதையும் பிழைப்பதையும் பாதிக்கிறது. அழுக்கோ நிறத்துக்கும் படத்துக்கும் பிந்தியது, இரண்டாலும் ஏற்பட்டது. கணினி அறிவியலாளர் ஜூடியா பெர்ல் 1990-களில் அம்புக்குறிப் படங்களைக் கொண்டு இதற்குத் தெளிவான விதிகளை வகுத்தார். ஆய்வைத் தொடங்கும்போது ஒரு தாளில் மாறிகளின் பெயர்களை எழுதி, எதிலிருந்து எதற்கு அம்பு போகிறது என்று வரைந்து பாருங்கள். சிகிச்சைக்கும் விளைவுக்கும் பொதுவான காரணமாக நிற்பது, அதாவது குழப்பும் காரணி, உள்ளே வரட்டும். இடையில் நிற்பதையும், இரண்டின் விளைவாக நிற்பதையும் வெளியே வையுங்கள்.

அழுக்குச் சீட்டு கற்பனைக் கதை என்று நினைக்க வேண்டாம். அதே பிழை பச்சைக் குழந்தைகளின் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விவாதத்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குழப்பியது. கலிஃபோர்னியாவில் கர்ப்பிணிகளின் பெரிய தரவொன்றை ஆராய்ந்த ஜேக்கப் யெருஷால்மி 1971-இல் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டார். எடை குறைந்து, அதாவது 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், புகைபிடிக்கும் தாய்மார்களின் குழந்தைகள் புகைக்காத தாய்மார்களின் குழந்தைகளைவிடக் குறைவாகவே இறந்தன. கர்ப்ப காலத்தில் புகைபிடிப்பது குழந்தையைக் காப்பாற்றுகிறதா? அந்தக் கேள்வியைச் சிலர் உண்மையாகவே எழுப்பினார்கள்.

ஒரு குழந்தை எடை குறைந்து பிறக்கப் பல காரணங்கள் உண்டு. தாயின் புகைப்பழக்கம் அவற்றில் ஒன்று. பிறவிக் குறைபாடு, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு போன்றவையும் இருக்கின்றன. அவை புகையைவிட உயிருக்கு ஆபத்தானவை. புகைக்காத தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறந்தால், வேறு ஏதோ ஒரு காரணம் இருந்தே தீர வேண்டும். அது பெரும்பாலும் கொடியது. புகைக்கும் தாயின் எடை குறைந்த குழந்தைக்கு அந்தக் கொடிய காரணம் இல்லாமலும் இருக்கலாம். எடை குறைந்தவர்களை மட்டும் ஒப்பிடும்போது, புகையால் எடை குறைந்தவர்களை நோயால் எடை குறைந்தவர்களோடு ஒப்பிடுகிறோம். புகை நல்லதுபோல் தோன்றுகிறது. பிறப்பு எடை இங்கே அழுக்குச் சீட்டின் இடத்தில் நிற்கிறது. அமெரிக்காவில் 1991-இல் பிறந்த குழந்தைகளின் தரவைக் கொண்டு ஹெர்னாண்டஸ்-டியாஸும் அவர் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் இதை விளக்கினார்கள். எடையைக் கணக்கில் எடுக்காதபோது புகைக்கும் தாய்மார்களின் குழந்தைகளுக்கு இறப்பு விகிதம் 1.55 மடங்கு. 2,000 கிராமுக்குக் கீழே பிறந்தவர்களை மட்டும் எடுத்தால் 0.79 மடங்கு. முதல் எண்ணைத்தான் கர்ப்பிணிகளுக்குச் சொல்ல வேண்டும்.

'எவ்வளவு உடன்மாறிகளைச் சேர்க்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு' என்ற எண்ணம் நம் துறைகளில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இதை விட்டாக வேண்டும். பிறப்பு எடையைச் சேர்த்தவர்கள் கூடுதல் கவனம் காட்டுவதாக எண்ணித்தான் சேர்த்தார்கள்.

சில நேரங்களில் ஒரே மாறி, கேள்விக்கு ஏற்ப உள்ளேயும் வரும், வெளியேயும் போகும். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 1973 பட்டமேற்படிப்புச் சேர்க்கை இதற்குப் பெயர் போனது. விண்ணப்பித்த ஆண்களில் 44 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 35 விழுக்காட்டினருக்கு. துறைவாரியாகப் பிரித்தபோது பெண்களுக்கு எதிரான பாகுபாடு மறைந்துபோனது; இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்குப் பெண்கள் மிகுதியாக விண்ணப்பித்திருந்தார்கள். 'சேர்க்கைக் குழுக்கள் பாகுபாடு காட்டினவா' என்று கேட்டால் துறையைச் சேர்க்கத்தான் வேண்டும். 'பெண்ணாகப் பிறந்தவர் இந்தப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய எவ்வளவு கூடுதல் தடை' என்று கேட்டால், அந்தத் துறைகளை நோக்கிப் பெண்களைத் தள்ளியது எது என்பதும் கேள்விக்குள் வந்துவிடுகிறது. அப்போது துறையைச் சமன் செய்வது பதிலின் பாதியை அழிப்பதாகும். பெர்க்லி நியாயமாக நடந்ததென்று அந்த அட்டவணையை மட்டும் காட்டிப் பாடம் முடிக்கும் ஆசிரியர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆட்ஸ் விகிதத்தைப் பயன்படுத்தும் மருத்துவ மாணவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. உடன்மாறியைச் சேர்த்ததும் மதிப்பு மாறினால் 'அது குழப்பும் காரணி' என்று முடிவுகட்டும் பழக்கம் உண்டு. சமவாய்ப்பு முறையில் சரிபாதியாகப் பிரித்த ஒரு சோதனையை எண்ணிக்கொள்ளுங்கள். நோயாளிகளில் பாதிப்பேர் இளையவர், பாதிப்பேர் மூத்தவர். இளையவரில் மருந்து பெற்றோர் 80 விழுக்காடு குணம், பெறாதோர் 50. மூத்தவரில் 50, 20. இரு பிரிவிலும் ஆட்ஸ் விகிதம் சரியாக 4. வயதைப் பிரிக்காமல் கூட்டினால் 65-க்கு 35, ஆட்ஸ் விகிதம் 3.45. இங்கே குழப்பும் காரணி எதுவும் இல்லை, சாய்வும் இல்லை. ஆட்ஸ் விகிதத்தின் கணித இயல்பு அது. குணமடைந்தோர் விழுக்காட்டின் வித்தியாசத்தை எடுத்தால் எல்லா இடத்திலும் 30தான். ஆகவே மதிப்பு மாறியது என்பதை மட்டும் காரணமாகக் காட்டி ஒரு மாறியைச் சேர்க்கவும் முடியாது.

இனி, தரவைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பது. 2011-இல் சிம்மன்ஸ், நெல்சன், சிமோன்சோன் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வேண்டுமென்றே இப்படி நடத்திக் காட்டினார்கள். 20 கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் பீட்டில்ஸ் குழுவின் 'வென் ஐம் சிக்ஸ்டி ஃபோர்' பாட்டைக் கேட்டார்கள், மற்றவர்கள் வேறொரு இசையைக் கேட்டார்கள். பிறகு எல்லாரும் தங்கள் பிறந்த தேதியையும் தந்தையின் வயதையும் எழுதிக் கொடுத்தார்கள். தந்தையின் வயதை உடன்மாறியாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது, பீட்டில்ஸ் பாட்டைக் கேட்டவர்கள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இளையவர்கள் என்று வந்தது, பி-மதிப்பு 0.04. பாட்டைக் கேட்டால் வயது குறைகிறது! தந்தையின் வயதைச் சேர்க்காவிட்டால் பி-மதிப்பு 0.33. தரவைத் தொகுத்ததும் கணக்கிட்டதும் எல்லாம் மெய். சொல்லாமல் விட்டது, எத்தனை வழிகளில் முயன்ற பிறகு இந்த வழி கிடைத்தது என்பதை. அந்தக் கட்டுரைக்குப் பிறகு உளவியல் துறை தன் பழக்கங்களை மறுபரிசீலனை செய்யத் தொடங்கியது. நம் ஆய்வேடுகளில் 'ஸ்டெப்வைஸ்' என்ற பொத்தானை அழுத்தி மாறிகளைத் தேர்ந்தெடுப்பதும் அடிப்படையில் இதே செயல்தான். சிறு மாதிரியில் அது மெய்யான குழப்பும் காரணியைத் தூக்கி எறியும், தற்செயலாக ஒட்டிக்கொண்ட மாறியை வைத்துக்கொள்ளும், கடைசியில் அச்சிடும் பி-மதிப்போ தேர்வு எதுவுமே நடக்காததுபோல் கணக்கிட்டது.

சரியான மாறியைச் சேர்த்தாலும் அதை மோசமாக அளந்திருந்தால் பயன் குறைவு. குடும்ப வருமானத்தை மூன்று கட்டங்களாகக் கேட்டுவிட்டு 'பொருளாதார நிலையைச் சமன் செய்துவிட்டோம்' என்று எழுதுவது சரியாகாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் சிகிச்சை இதயத்தைக் காக்கும் என்று பல கண்காணிப்பு ஆய்வுகள், உடன்மாறிகளையெல்லாம் சேர்த்த பிறகும், சொல்லிவந்தன. அமெரிக்காவில் 16,608 பெண்களைக் கொண்டு நடந்த சமவாய்ப்புச் சோதனை 2002-இல் நிறுத்தப்பட்டபோது, இதயநோய் குறையவில்லை, கூடியிருந்தது. அந்த மாத்திரையைத் தேடிப் போய் வாங்கிச் சாப்பிட்ட பெண்கள் பல வகையிலும் வசதியும் உடல்நலக் கவனமும் உள்ளவர்கள் என்பது, அந்த முரண்பாட்டுக்கு ஆய்வாளர்கள் கூறும் காரணங்களில் ஒன்று.

மாணவ நண்பர்களே, ஆய்வு நெறியாளர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். இந்தியாவில் மருந்துச் சோதனைகளுக்கான பதிவேடு 2007-இல் தொடங்கி, 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயமாக இருக்கிறது. மருந்துச் சோதனை அல்லாத முனைவர் பட்ட ஆய்வுகளுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லாவிட்டாலும் நாமே ஏற்றுக்கொள்ளலாம். விளைவைப் பற்றிய ஒரு எண்ணையும் பார்ப்பதற்கு முன், ஒரு பக்கத்தில் உங்கள் கேள்வியை எழுதுங்கள். அம்புக்குறிப் படத்தை வரையுங்கள். சேர்க்கப்போகும் உடன்மாறி ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எப்போது அளக்கப்பட்டது, ஏன் உள்ளே வருகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். சேர்க்காமல் விடுபவற்றுக்கும் எழுதுங்கள். அதில் நெறியாளர் தேதியிட்டுக் கையொப்பமிடட்டும். பிறகு தரவு வந்து, வேறொரு தொகுப்பையும் முயன்று பார்க்க வேண்டியிருந்தால் தாராளமாகப் பாருங்கள். அதைப் பின்னால் செய்தது என்று வெளிப்படையாகச் சொல்லி, உடன்மாறி இல்லாத விடையையும் பக்கத்திலேயே கொடுங்கள். தேதியிட்ட அந்தப் பக்கத்தை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அப்படியே அச்சிடுங்கள். புறத்தேர்வாளராக வரும் பேராசிரியர்கள் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.